நாற்பத்தெட்டு வீட்டுச் சட்னி

1999ஆம் வருடம் வில்லாபுரத்தில் ஒரு தெருக் கோயில் திருவிழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். சட்னிக்கு ருசி தருவது அம்மியா, மிக்சியா என்பது தலைப்பு. மிக்சிக்காகப் பேச வந்தவள் வசுந்தரா. கல்லூரியில் புள்ளியியல் படித்தவள். ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டாள். இதற்காகவே தெருவில் அறுபது வீடு ஏறி இறங்கிக் கணக்கெடுத்திருந்தாள்.

"அறுபதுல நாப்பத்தெட்டு வீட்டுல மிக்சிச் சட்னிதான். அதாவது எண்பது சதவீதம்," என்றாள். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

அடுத்து அம்மிக்காக எழுந்தார் அதே தெரு வெள்ளைத்துரை. கையில் துண்டுத்தாள்கூட இல்லை.

"எனக்கு ஆதாரம் இதுதான்," என்று நாக்கை நீட்டிக் காட்டினார். பந்தல் அதிர்ந்தது. "என் வீட்டுக்காரி அழகம்மா இருபது வருசமா அம்மியிலதான் அரைக்கிறா. மிக்சிச் சட்னின்னா ஒரு வாயில கண்டுபிடிச்சிருவேன். தங்கச்சி, அந்த நாப்பத்தெட்டு வீடு எது எதுன்னு பேரச் சொல்லுங்க. சொல்லலேன்னா அம்புட்டும் புளுகு."

வசுந்தராவின் நோட்டில் பத்தொன்பதாவது வரி அவர் வீடுதான். மிக்சி உண்டு என்று எழுதியிருந்தது. "அவருகிட்ட மட்டும் சொல்லிராத தாயி," என்று அழகம்மாள் அன்றைக்குக் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். இப்போது சொன்னால் ஜெயித்துவிடலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நோட்டை மூடிவிட்டாள்.

"பேரு சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துத்தான் கேட்டேன்ணே."

"பாத்தீங்களா, ஆதாரமே இல்ல," என்று அவர் கூட்டத்தைப் பார்த்துக் கை விரித்தார். வசுந்தராவுக்குக் கண் கலங்கியது.

பெண்கள் பக்கத்திலிருந்து அழகம்மாள் எழுந்தாள். "அந்தப் புள்ள புளுகல. அதுல நம்ம வீடும் ஒண்ணு."

வெள்ளைத்துரை மைக்கை விடவில்லை. "எம்புட்டு நாளா?"

"நாலு வருசமா. நீங்க டீக்கடைக்குப் போனதும் அரைச்சிருவேன். அம்மியில தண்ணி ஊத்தி நனைச்சு வச்சிருவேன்."

பெண்கள் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. நடுவர் நல்லகாமன் எழுதிவந்த தீர்ப்பை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சாட்சியே எந்திரிச்சுப் பேசிட்டாங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல? மிக்சிதான்," என்றார்.

பரிசாக வந்த எவர்சில்வர் குடத்தோடு வசுந்தரா பதறிப்போய் அழகம்மாளைத் தேடினாள். பந்தல் ஓரத்தில் வெள்ளைத்துரை மனைவியை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"அரிசி மூட்டைக்குப் பின்னால."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வெளியவே எடுத்து வச்சிரு. நாளைக்கு நான் டீக்கடைக்கு மெதுவாப் போறேன். அது எப்படி அரைக்குதுன்னு பாக்கணும்."