மூன்று மணிக்குள் ஒரு சீட்டு

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முந்தின நாள் ராஜப்ரியா மாடிக்கு ஏற்றிய கலவைச் சட்டிகள் இருநூறுக்கு மேல் இருக்கும். ஆண்கள் தூக்குகிற பெரிய சட்டியைத்தான் மேஸ்திரி அழகுசுந்தரம் அவள் தலையில் வைப்பார். கூலி மட்டும் சித்தாள் கூலி, பெண்களுக்கு நாளொன்றுக்குக் கொடுக்கிற ஐம்பது ரூபாய். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. இந்தக் காரைக்குடியில் அவளைப் பெண் என்று ஒத்துக்கொண்டது அந்தக் கூலி ஒன்றுதான்.

அன்று புது ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க ஞானசேகர் வாத்தியார் தெருவுக்கு வந்திருந்தார். அதற்காக அவள் அரை நாள் வேலைக்குப் போகவில்லை. அம்மா சின்னத்தாயி, செத்துப்போன அப்பாவின் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"ஒரு நிமிசம் மாட்டிக்கிட்டு நில்லுடா. அவரு எழுதிக்கிட்டுப் போயிரட்டும். இல்லாட்டி ஒரு ஆள் அரிசி போயிரும்."

"சட்டைக்கா அரிசி போடுறாக? வயித்துக்குத்தானே." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாத்தியார் பழைய கார்டைப் பார்த்தார். "மெய்யநாதன், ஆண். எங்க அவரு?"

"நான்தான் சார். இப்ப பேரு ராஜப்ரியா. பொண்ணுன்னு எழுதுங்க."

குழாயடியிலிருந்து வீரையா குரல் கொடுத்தான். "ரெண்டு கட்டத்துலயும் பாதிப் பாதி டிக் அடிச்சு விடுங்க சார்!"

குடத்தோடு நின்றவர்கள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை.

"பொண்ணுன்னு எழுத ஏதாச்சும் தாள் வேணும்மா. ஆணுன்னா இப்பவே எழுதிருவேன். உன்னைய மாதிரி எத்தனை பேரு இருக்கீகன்னு மேல ஒருத்தருக்கும் தெரியாது. எண்ணிக்கை தெரிஞ்சாத்தானே ஒரு வழி பண்ணுவாக."

"எண்ணுறதுக்குத்தானே சார் நீங்க வந்திருக்கீக?"

அவர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "வேலை பாக்குற எடத்துல, பொம்பளை ஆளுன்னு ஒரு சீட்டு வாங்கிட்டு வா. அத வச்சு எழுதிப் பாக்குறேன். மூணு மணிக்குள்ள வந்துரு. அப்பறம் நோட்டை ஆபீசுல குடுத்துருவேன்."

செக்காலை ரோட்டுக் கட்டடத்தில் மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாடி மகராசி. அரை நாளுன்னு சொன்னவ, சோத்து நேரத்துக்குச் சரியா வந்துட்டியே?"

சீட்டு கேட்டாள். "நோட்டுல உள்ளதை எழுதிக் குடுத்தாப் போதும்ணே."

"கை சோத்துல இருக்கு. பெறகு பாக்கலாம்."

நோட்டு சிமெண்டு மூட்டை மேல் கிடந்தது. எட்டாவது வரை படித்தவள். எடுத்துப் புரட்டினாள். சித்தாள் பக்கத்தில் அவள் பெயர் இல்லை. ஆண்கள் பக்கத்தில் இருந்தது: மெய்யநாதன், எண்பது. பதினோரு மாதமாக ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். வீடு கட்டுகிற வீட்டுக்காரரிடம் மேஸ்திரி ஆண் கூலி எண்பதை வாங்கி, அவள் கையில் ஐம்பதைக் கொடுத்திருக்கிறார்.

"நோட்டைக் கீழ வையி."

"எனக்குப் பொம்பளைக் கூலிதானே குடுத்தீக?"

"சேலை கட்டிக்கிட்டு வந்தே, குடுத்தேன்."

"அப்பப் பொம்பளைன்னு எழுதிக் குடுங்க."

"அதை வீட்டுக்காரரு பாத்தா என்னாகும்? போயிச் சட்டியத் தூக்கு. இல்லாட்டி நாளையில இருந்து வராத."

வெறுங்கையோடு திரும்பினாள். வாத்தியார் தெருக்கோடியில் சைக்கிள் கேரியரில் நோட்டை வைத்துக் கட்டப் போனவர், அவளைப் பார்த்ததும் மறுபடி பிரித்தார். சின்னத்தாயி அவர் பக்கத்திலேயே நின்றாள்.

"சீட்டு கெடைக்கலையா? ஆணுன்னே போட்டுரவா தாயி? அரிசியாவது வரும்."

ராஜப்ரியா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆணுன்னு ஏற்கெனவே ஒரு நோட்டுல இருக்கேன் சார். அது போதும். அடிச்சிருங்க."

அவர் ஸ்கேல் வைத்து மெய்யநாதன் மேல் கோடு போட்டார். கீழே யாரையும் எழுதவில்லை. குடும்ப நபர்கள்: ஒன்று.

"இனி என் அரிசியத்தான் ரெண்டு வயிறும் திங்கணும்," என்று சின்னத்தாயி நடையைக் கட்டினாள்.

கூட வேலை பார்க்கும் பெல்சி, கூலிக் குறைவுக்கு லேபர் ஆபீசில் மனுக் கொடுக்கலாம் என்றாள். அடுத்த வாரம் ராஜப்ரியா போனாள். மனுவில் முதல் வரி பெயர். இரண்டாவது, ஆண் அல்லது பெண். அத்தாட்சிக்கு ரேஷன் கார்டு; அதில்தான் அவள் பெயரை அடித்தாயிற்று. தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அழகுசுந்தரம் நாளொன்றுக்கு முப்பது ரூபாய் வீதம் பதினோரு மாதக் கூலி பாக்கியை அவளுக்கு இன்னும் தர வேண்டும்.