பிரித்துத் தைத்த குடைகள்

1

இந்தக் காலத்தில் எவனும் குடை ஒழுகுமா என்று கேட்பதில்லை. எந்த நாட்டில் பிறந்தது என்றுதான் கேட்கிறான். அந்த எரிச்சலில் பிறந்த கதை இது. எழுதுகிறவர் ஒரு கிழவர். ‘நான்’ என்று போட்டால் பொய் சொல்ல வசதியாகிவிடும் என்று ‘அவர்’ என்றே எழுதுகிறார். (அப்படியும் முழுசாக நம்பிவிடாதீர்கள்.)

2

‘மழை தூறிய ஒரு காலையில்…’ தூறவில்லை. எழுதியதை அடித்துவிட்டார்.

நடந்தது இதுதான். கிழவருடைய மருமகளின் குடைப் பட்டறைக்குத் துணியும் கம்பியும் வெளிநாட்டுச் சரக்கு. வெட்டுவது, தைப்பது, பூட்டுவது எல்லாம் இங்கே. வாங்குகிற நாட்டோடு ஒப்பந்தம் உண்டு: இங்கே செய்த பொருளுக்கு வரி இல்லை, எங்கோ செய்ததை இங்கே பெட்டியில் மட்டும் போட்டு அனுப்பினால் முழு வரி. முழு வரி விழுந்தால் வாங்குகிறவர் ஓடிப்போவார். பட்டறைக்குப் பூட்டுத்தான்.

(நாடுகள் கூடிப் பேசிக் காசின் மதிப்பு சரியாமல் பார்த்துக்கொள்கின்றனவாம். போன மாதம் நம் காசு சரிந்து துணி விலை ஏறியபோது எந்தக் கதவைத் தட்டுவதென்று யாரும் சொல்லவில்லை.)

3

குடை இங்கேதான் செய்யப்படுகிறதா என்று சோதிக்க அதிகாரி வருகிறார் என்றதும் மருமகள் வீட்டுக்கு விருந்தாளி வருகிற மாதிரி பரபரத்தாள். முந்தின நாளே தையலை முடித்து, மெஷின்களுக்கு உறை மாட்டி, வெட்டுத் துணியைக் குப்பை வண்டியில் ஏற்றி, தரையையும் கழுவிவிட்டாள்.

“எப்படி இருக்கு மாமா?”

“ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்மா.”

வந்தவர் கண்ணில் பட்டது அடுக்கிய பெட்டிகள் மட்டுமே.

“இங்க பேக்கிங் மட்டும்தானா?”

“ஐயோ சார், எல்லாமே இங்கதான்! நீங்க வர்றீங்கன்னு எடுத்து வெச்சுட்டோம்.”

“நான் வந்தா எதுக்கும்மா எடுத்து வைக்கணும்? நாளைக்கு வர்றேன். தெச்சுக் காட்டுங்க.”

4

அதிகாரியைக் கெட்டவராக்கப் பார்த்தார் கிழவர். ‘மீசையை முறுக்கியபடி…’ மீசையே கிடையாது. கேட்டதும் நியாயமான கேள்வி. அதுதான் ஆத்திரம்.

5

அடுத்த துணி இன்னும் வந்து சேரவில்லை. அதனால் இப்போது பட்டறையே உட்கார்ந்து, தைத்த குடைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறது, நாளைக்குத் திரும்பத் தைத்துக் காட்ட.

முடிவு ஒன்று: அதிகாரி தையலைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

முடிவு இரண்டு: துணியை வெளிச்சத்தில் பிடிக்கிறார். பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. “இது ஏற்கெனவே எங்கேயோ தெச்சதுதானே?” என்கிறார். இங்கேதான் தைத்தோம் என்று துளை வாய் திறந்து சொல்லுமா?

எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். கிழவர் பேனாவை மூடிவிட்டார்.

“மாமா, அவர் நம்புவாரா?”

“நானா இருந்தா நம்பமாட்டேன்மா.”

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.