சூடம் அணைக்காத சாட்சி

மலாக்கா கோர்ட்டு வராந்தாவில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. எட்டு மாதத்தில் ஐந்து தடவை அதில் உட்கார்ந்தேன். நினைத்தாலே வாயில் எச்சில் கசக்கிறது.

என் மருமகன் சுப்பையன் லோரியில் மூட்டை தூக்குகிறவன். ஐம்பத்தேழாம் வருஷம் பிப்ரவரியில் ஒரு ராத்திரி ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு துணிக்கடையை உடைத்து மூன்று கட்டுச் சேலையைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்குக் காவல் இருந்த ஜாகா கலியாணசுந்தரம், சுப்பையன்தான் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்று போலீசில் சொல்லிவிட்டான். அந்த ஜாகா உட்கார்ந்தால் குறட்டை விடுகிறவன் என்று தெருவுக்கே தெரியும். தூங்கியது தெரிந்தால் வேலை போகும், அதனால் வாயில் வந்த பெயரைச் சொன்னான். அன்றைக்கு ராத்திரி சுப்பையன் காஜா பெராங்கில் என் வீட்டில் காய்ச்சலோடு கிடந்தான். கஞ்சி கொடுத்தவன் நான்.

துணி அகப்படவில்லை. வேறு சாட்சியும் இல்லை. ஜாகாவின் ஒரே வாய்தான் கேஸ்.

சுப்பையனை ஜாமீனில் விட்டார்கள். மார்ச்சில் போனோம், கேஸை நடத்துகிற போலீஸ் இன்ஸ்பெக்டர் தயாராக இல்லை. மே மாதம் ஜாகா வரவில்லை. ஜூலையில் மாஜிஸ்திரேட் லீவு. ஆகஸ்டில் மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம் வருகிறது என்று தள்ளிவைத்தார்கள். எட்டு மணிக்கு வரச் சொல்லி, பதினொரு மணிக்கு ஒரு தேதியை மூஞ்சியில் எறிந்து விரட்டுவார்கள். மாட்டைக்கூட எவனும் அப்படி ஓட்டமாட்டான்.

லாயர் தேவதாஸ் சொன்னார்: "பெரியவரே, சந்தேகம் வந்தா போதும், உங்க மருமகன விட்டுருவாங்க. ஜாகாவ நான் கேக்குற விதத்துல கேக்குறேன். நீங்க அவன் பக்கமே தலை வச்சுப் படுக்காதீங்க."

லாயர் பேச்சை எவன் நம்புவான்? எனக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். பொய்யன் அம்மன் முன்னால் சூடம் அணைக்கமாட்டான். உள்ளங்கையால் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தால் அவன் குடும்பமே விளங்காது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவில் வாசலில் அவனை மறித்தோம். என்னைத் தவிர ஏழு பேர்.

"வாய்யா ஜாகா. பாத்தது நெசம்னா அணைச்சிட்டுப் போ."

"கோர்ட்டுல சொல்லிக்கிறேன், விடுங்க."

"கோர்ட்டுல நாய்கூட சத்தியம் பண்ணும். இங்க பண்ணு."

கையைப் பிடித்து, வாசலில் எரிந்த சூடத்தருகே இழுத்தேன். அவன் முகம் வெளிறிப்போய்விட்டது. உதறிக்கொண்டு, ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

"அவன் செருப்பே சாட்சி சொல்லிருச்சு மாமா!" என்று பக்கத்து வீட்டுப் பூங்காவனம் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு. கேஸ் முடிந்தது என்று நினைத்தேன்.

அக்டோபரில்தான் விசாரணை. ஜாகா கூண்டில் ஏறி, உண்மையே சொல்வேன் என்று கிளி மாதிரி ஒப்பித்தான். லாயர் பிய்த்து எறிந்துவிட்டார். ஒரு தடவை தெருவிளக்கு எரிந்தது என்றான், இன்னொரு தடவை இருட்டு என்றான். மாஜிஸ்திரேட் அவனை முறைத்துப் பார்த்தார். லாயர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். காய்ச்சலையும் கஞ்சியையும் சொன்னேன். அதோடு இறங்கியிருக்க வேண்டும்.

"துரை, இன்னொண்ணு. இந்த ஆளு சூடம் அணைக்காம ஓடிட்டான். ஊரே பாத்துச்சு."

மொழிபெயர்க்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார். லாயர் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கு நடத்துகிற இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார்.

"எத்தன பேரு போனீங்க?"

"என்னச் சேத்து எட்டு பேரு."

"கையப் புடிச்சீங்களா?"

"புடிக்காம? ஓடப் பாத்தான்ல."

"பயந்து ஓடினாரா?"

"செருப்ப விட்டுட்டு ஓடினான்!"

மாஜிஸ்திரேட் எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். ஜாகா புளுகியபோது அந்தப் பேனா இவ்வளவு ஓடவில்லை. காய்ச்சலைப் பற்றி ஒருவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தீர்ப்பை மொழிபெயர்க்கிறவர் தமிழில் சொன்னார். எட்டு பேர் மறித்து மிரட்டினால் எந்தச் சாட்சிக்கும் நாக்குக் குழறும், அதனால் ஜாகாவின் தடுமாற்றத்தைப் பெரிதாக எடுக்கவில்லையாம். சாட்சியை மிரட்டிய மாமனார் சொல்லும் காய்ச்சல் கதையை நம்ப முடியாதாம். ஒன்பது மாதம் ஜெயில்.

விலங்கு மாட்டும்போது சுப்பையன் என்னிடம், "காய்ச்சல மட்டும் சொல்லிட்டு எறங்கியிருக்கலாமே மாமா" என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்பீல் பண்ணலாம்," என்றார் லாயர். "ஆனா மேல்கோர்ட்டு ஜட்ஜும் இங்க எழுதின பேப்பரத்தான் படிப்பாரு. நீங்க சொன்னதெல்லாம் அதுல இருக்கு."

கலியாணசுந்தரம் அதே கடையில்தான் காவல் இருக்கிறான்.

சனிக்கிழமை என் மகள் கமலவேணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெயிலுக்குக் கிளம்பினாள். நானும் சட்டையை எடுத்தேன்.

"நீங்க வேணாம்பா," என்றாள். "அவரு உங்களக் கூட்டிட்டு வர வேணாம்னு சொல்லி அனுப்பியிருக்காரு."

பஸ் வரும்வரை அவள் தெருவில் வெயிலில் நின்றாள். நான் வாசலைத் தாண்டவில்லை.