அடுக்காத பெட்டிகள்

...இல்லை, இந்நேரம் மகள் கூப்பிட்டிருக்க வேண்டும், மழை பிடித்து எவ்வளவு நேரமாகிறது, ஒருவேளை போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டோமோ என்று எடுத்துப் பார்த்தார், சத்தம் இருந்தது, கூப்பிடத்தான் ஆளில்லை. கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக வீட்டில் கிடக்கிறார், பட்டறைத் தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அட்டைப்பெட்டிப் பட்டறையை மகள் பார்த்துக்கொள்கிறாள்... பார்த்துக்கொள்கிறாளா? மழை நாளில் பசை லேசில் காயாது, ஒட்டிய பெட்டிகளை உடனே அடுக்கினால் அடியில் இருப்பது வாய்பிளந்துவிடும், ஃபேனுக்குக் கீழே பரப்பி வைக்க வேண்டும், இது இவருக்குத் தெரியும், மகளுக்கு? சொல்லியிருக்கலாம். நேற்று முழுக்க என்னென்னவோ சொன்னார், லாரிக்காரரிடம் எப்படிப் பேசுவது, எந்த சுவிட்ச் ஷாக் அடிக்கும், கூட்டுகிற அம்மாவுக்கு டீயில் சர்க்கரை கூடாது என்பது வரைக்கும், இதை மட்டும் சொல்லவில்லை. மறந்தா போனது? மறதி என்றே வைத்துக்கொள்வோமே. இன்று மதியம் மருந்துக் கம்பெனிக்குச் சரக்கு போகிறது, பட்டறைக்குப் பாதி வயிறு நிறைவது அந்த ஒரு கம்பெனியால்தான், பெட்டி பிரிந்து பாட்டில் நடுரோட்டில் உருண்டால் பிறகு வாசலை மிதிக்க விடுவார்களா?

"அந்த போனை இப்படி அடைகாத்தா குஞ்சா பொரிக்கப் போகுது?" மனைவி, கையில் கண் மருந்தோடு. முகத்தை நிமிர்த்திக் காட்டினார், சொட்டு விழுந்தது, போனை மட்டும் விடவில்லை. பக்கத்து மெழுகுவத்திக்காரர் ஞாபகம் வந்தது, கைராசிக்காரர், எல்லாம் அவர் கைக்குள்ளேயே, அவர் போன கையோடு பட்டறைக்கும் பூட்டு விழுந்தது, ஒரு ஆளைப் பழக்காமல் விட்டாரே என்று இவர்தான் போகிற இடமெல்லாம் அங்கலாய்த்தார், அதே வாயால்தான் நான் ஒருநாள் இல்லையென்றால் அங்கே ஒன்றும் நடக்காது என்றும் பீற்றிக்கொண்டார்... மழை வலுத்தது. நன்றாகப் பெய்யட்டும் என்று மனசு சொன்னது காதில் விழுந்து இவரே திடுக்கிட்டார், சேச்சே, தான் கட்டின பட்டறை, பெற்ற மகள்...

பொறுக்கமாட்டாமல் இவரே கூப்பிட்டார். "என்னப்பா, கண்ணுக்கு மருந்து விட்டாச்சா?" பின்னால் மெஷின் சத்தம். "அது கெடக்கட்டும். பெட்டியெல்லாம் அடுக்கிட்டீங்களா?" "மழையில யாராவது அடுக்குவாங்களா? ஃபேனுக்குக் கீழ பரப்பியாச்சு. லாரியைச் சாயங்காலம் வரச் சொல்லிட்டேன், கம்பெனியிலயும் பேசிட்டேன், சரின்னுட்டாங்க." "உனக்கு யாரும்மா சொன்னா?" "யாரு சொல்லணும்? மழை வந்தா நீங்க ஓடி ஓடி அதைத்தானே செய்வீங்க, நாங்க என்ன கண்ணை மூடிக்கிட்டா இருந்தோம்? நீங்க நிம்மதியா படுங்கப்பா."

படுக்கலாம்தான். பட்டறை பிழைத்துக்கொள்ளும், இவர் இருந்தாலும்... சந்தோஷம் வந்தது, நிஜமாகவே வந்தது, ஆனால் பிந்தி வந்தது, அதற்கு முன்பே வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது, அதை என்னவென்று சொல்வது, யாரிடம் சொல்வது? "என்னவாம்?" என்றாள் மனைவி. "ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லாத்தான் நடக்குதாம்," என்றவர் போனைக் கையிலிருந்து கீழே வைத்தார். வெளியே மழை விட்டுக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் பெய்திருக்கலாம்.