வெட்டச் சொன்ன பள்ளம்

என் ஆய்வு வழிகாட்டி முத்தரசு சார் திரையில் காட்டிக்கொண்டிருந்த கோடு நான் போட்டது. "நாங்கள் கண்டுபிடித்த புதிய கிரகம்" என்றார், வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர்களைப் பார்த்து. நாங்களாம். எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது.

விண்வெளியில் நிற்கிற அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒரே நட்சத்திரத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும். கிரகம் ஏதாவது குறுக்கே போனால் வெளிச்சம் இம்மியளவு குறையும். அந்த வெளிச்சத்தை வரைந்த கோட்டில் ஒரு பள்ளம் விழும். கருவி நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதால், ஆரம்பப் பகுதியை எல்லாரும் வெட்டி எறிந்துவிடுவார்கள். அந்தப் பகுதியில்தான், யாரும் எதிர்பாராத ஒரு பள்ளத்தை நான் பார்த்தேன். காட்டியதும் சார் சிரித்தார்.

"குப்பையக் கிண்டாதம்மா. வெட்டிப்புட்டு வேலையப் பாரு." பக்கத்தில் இருந்தவரிடம், "கல்லல் ஊர்ல இருந்து பஸ் ஏறி வந்து கிரகம் புடிக்குதுக" என்றார்.

நான் வெட்டவில்லை. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, கருவியின் தடுமாற்றத்தைத் தனியே கழித்தேன். பழைய பதிவுகளையும் தோண்டினேன். வரவேண்டிய இடத்தில் அதே பள்ளம் திரும்பத் திரும்ப வந்தது. வீட்டில் சோறு ஆறிக் கிடக்கும். "அந்தக் கெரகத்துல நமக்கு யாரு இருக்காகன்னு இப்புடி வேகுற?" என்பாள் அம்மா. எல்லாவற்றையும் சாரிடம் கொடுத்தபோது, "பாக்கலாம்" என்றார். நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்.

கட்டுரை இன்று சாயங்காலம் ஆய்விதழுக்குப் போகிறது. தட்டச்சு செய்த சினேகா காலையில்தான் சொன்னாள்: "எழுதுனவுக பேருல நீ இல்லடி சத்தியா. கடைசியில நன்றியில போட்டுருக்காக." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நன்றியை யார் கேட்டது? தூக்கிக் குப்பையில் போடட்டும்.

"சத்தியா, காபி வந்துருச்சான்னு பாரும்மா" என்றார் சார், பேச்சை நிறுத்தாமலே.

நான் இந்தப் பக்க ஓரத்தில் இருந்தேன்; வாசல் அந்தப் பக்கம். எங்கள் துறையில் புரொஜெக்டருக்குக் குறுக்கே போகிறவர் எவராக இருந்தாலும் முதுகை வளைத்துக் குனிந்துதான் போவார். முதல்வரே குனிவார். இத்தனை வருஷமும் நானும் குனிந்துதான் போயிருக்கிறேன்.

எழுந்தேன். குனியவில்லை. நடுவில் போய், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கண்ணில் வெளிச்சம் அடித்தது.

"மறைக்குதும்மா."

"இதை வெட்டச் சொன்னது யாரு சார்?"

முன்வரிசைப் பேராசிரியர் ஒருவர் சாரைத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தியா, தள்ளு." சாரின் குரல் இறங்கியிருந்தது.

நான் நகரவில்லை. திரையில் என் நிழல்தான் இருந்தது. கோடு என் சுடிதாரின் மேல் ஓடியது; பள்ளம் நெஞ்சுக்குக் கீழே விழுந்து, நான் மூச்சு விடும்போதெல்லாம் அசைந்தது.