மூடியில் ஒரு பச்சை

"இது பச்சையா? வயித்து வலியில புரள்ற தவளை மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி, படுத்தபடியே. தெம்பிருந்தால் பெயிண்ட் டப்பா மூடியை என் தலைக்குக் குறிவைத்திருப்பாள்.

எங்கள் பழைய லாரியின் எஞ்சினுக்கு, வாங்கியபோது இருந்த நிறத்தையே திரும்ப அடிக்க வேண்டும். அதை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, மாதக் கணக்கெல்லாம் போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லாரியைக் கல்யாணமான வருஷம் வாங்கினோம். ஓட்டியது நான். எஞ்சினைத் துடைத்தது, திட்டியது, கொஞ்சியது எல்லாம் அவள். என்னைக் கொஞ்சியது அதில் நூற்றில் ஒரு பங்கு தேறாது. பிறகு வந்த மெக்கானிக்குகள் ஆளுக்கொரு நிறத்தை அதன் மேல் அப்பிவிட்டார்கள்.

உலகத்தில் பச்சை ஒரு கோடி இருக்கிறது. அதில் தொண்ணூற்றொன்பது லட்சத்தை நான் கலக்கியிருப்பேன். ஒவ்வொன்றையும் மூடியின் உள்பக்கம் பூசி, அடுப்பு அனலில் காட்டி, காய்ந்த பிறகுதான் கொண்டுவர வேண்டும் என்பது அவள் சட்டம். சூடு பட்டால் எஞ்சின் பெயிண்ட் நிறம் மாறுமாம். அண்டை வீட்டார் நான் மூடி வறுத்துச் சாப்பிடுவதாக நம்பினார்கள்.

பெயிண்ட் கடை வைத்திருக்கும் அவள் தம்பிதான் வழி சொன்னான். "ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழட்டிப் பாருங்க மச்சான். அதுக்குப் பின்னால எவன் பிரஷ்ஷும் போயிருக்காது."

கழற்றினோம். எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியதும் கட்டை விரல் நகமளவுக்கு நிறம் தெரிந்தது. சாம்பல் கலந்த பச்சை. கம்பெனி அடித்தது. அச்சு அசலாகக் கலந்து, சுட்டு, கொண்டுபோனேன். மூடியை ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"நீலம் பத்தல."

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். "அந்தக் கம்பெனி முதலாளியே வந்து சத்தியம் பண்ணாலும் அக்கா ஒத்துக்காது, மச்சான். பேசாம இதையே அடிச்சிருவோம்."

"அவ சொல்லட்டும்டா" என்றேன்.

எனக்கென்ன அவசரம்? மறுபடி கலந்தேன். எருமைச் சாணி என்றாள். போலீஸ் ஜீப் என்றாள். நம்ம கல்யாணத்துக்கு உங்க அம்மா கட்டிவந்த புடவை என்றாள். அவள் ஒவ்வொரு தரமும் வைய, நான் மெடல் வாங்கிய பையனாட்டம் அடுப்படிக்கு ஓடினேன். பிறகு வசவு குட்டையாகிவிட்டது. "ம்ஹூம்" மட்டும். பிறகு தலை மட்டும் அசைந்தது.

இன்று காலை அவள் கஞ்சியை விழுங்கவில்லை. ஊசி போட வந்த நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் பையை மூடினாள். நான் அடுப்படிக்கு ஓடி, கடைசியாகக் கலந்ததை மூடியில் இழுத்துவிட்டு, அனலில் காட்டாமலே தூக்கிக்கொண்டு வந்தேன்.

"ஏய், இதப் பாரு. நீலம் கூட்டியிருக்கேன்."

கண்ணைத் திறந்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் முகம் அப்படி இளகி நான் பார்த்ததே இல்லை.

"இதேதாங்க" என்றாள். "இதே பச்சைதான்."

கட்டிலருகே நின்ற தம்பி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம்தான் நான் குனிந்து பார்த்தேன். அவளுக்கு நேராக நான் பிடித்திருந்தது மூடியின் வெறும் தகரப் பக்கம். பச்சை முழுக்க என் உள்ளங்கையில் ஈரமாக ஒட்டியிருந்தது.