மகுடிக்குச் சிரித்தவன்

பேஸ்போலில் ஒவ்வொருவனும் மட்டையோடு இறங்கும்போது அவனுக்கென்று ஒரு பாட்டுப் போடுவார்கள். ஒக்லாந்து ஹெரன்ஸ் அணியில் தமிழர்களான எனக்கும் நிரூஜனுக்கும் போட்டது பாம்பாட்டியின் மகுடி. கூட்டம் சீறும். நான் படமெடுப்பதுபோல் கையை உயர்த்தி ஆடுவேன். நிரூஜன் ஒருநாள், அதை நிறுத்தும்வரை இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். பிறகு முறைப்பாடும் எழுதினான்.

நிர்வாகம் அணியின் மற்றத் தமிழனான என்னைக் கூப்பிட்டது. வெறும் பகிடி, எங்கள் இருவருக்கும் பிடிக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவனை நீக்கினார்கள். எனக்கு இன்னொரு சீசன் கிடைத்தது. அதற்காகப் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டேன். அது முடிந்ததும் என்னையும் நீக்கினார்கள்.

ஏழு வருடம் கழித்து, இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த ஒரு பின்னேரம், மாசியில் என் அறைக்குக் கல்யாணி வந்தாள். அணியின் வரலாற்றை எழுத அமர்த்தப்பட்ட சென்னைப் பெண்.

“உங்க கடிதம் இருக்குறவரைக்கும் நிரூஜன் சொன்னதைப் போட முடியாதுன்னு நிர்வாகத்துல சொல்றாங்க அண்ணா. மகுடிக்கு ஆடுற வீடியோல நீங்க சிரிக்கிறீங்க வேற.”

“ஓம், சிரிச்சனான். கடிதம் பொய். அவனுக்குப் பிடிக்காதெண்டு எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குப் பிடிச்சுதா?”

“அடுத்த சீசன் கொன்ராக்ற் கிடைக்கவேணுமெண்டு சிரிச்சனான். அதையும் எழுதுங்கோ.”

அடுத்த கிழமை அந்தப் பக்கத்தைச் சரிபார்க்க அனுப்பினாள். எல்லாம் இருந்தது. என் பெயர் மட்டும் இல்லை. ‘ஒரு சக வீரர்’ என்று போட்டிருந்தாள். இரக்கப்பட்டிருக்கிறாள்.

நிரூஜனுக்குப் போன் எடுத்தேன்.

“நான் பெனடிக்ற். அண்டைக்குப் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டிட்டன். புத்தகத்தில வருது.”

“பாவசங்கீர்த்தனத்துக்குப் பாதரிட்டப் போக நேரமில்லையோ?”

“உனக்குச் சொல்லவேணும் எண்டு…”

“உன்ர பேரோட வருதோ?”

“இல்லை. சக வீரர் எண்டு.”

சிரித்தான். “இருபது பேர் விளையாடினவங்கள். இனி இருபது பேரும் பொய்யர். கெட்டிக்காரனடா நீ.”

வைத்துவிட்டான்.

என் முழுப் பெயரையும் போடச் சொல்லிக் கல்யாணிக்கு எழுதினேன். அவன் சொன்னதற்காகத்தான். அதை மறைக்க ஒன்றுமில்லை.

“சரிங்க அண்ணா” என்று பதில் வந்தது. திருத்திய பக்கத்தை நிரூஜனுக்கு அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் எழுதவில்லை. வேலைக்குப் போக வெளிக்கிட்டேன்.